விட்டுப்போன பதினைந்து

என் கைபேசியில் 2013 ஏப்ரலில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஐந்து கைபேசி மாற்றியாயிற்று. ஒவ்வொரு முறையும் அது தானாகவே புதிய கைபேசிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. படத்தில் மனிதர்கள் யாரும் இல்லை. மடிப்பு மடிப்பாக நெளிந்த தகரம், அதன் மேல் கம்பி வலை, வலைக்கு நடுவே காளான் மாதிரி தலை நீட்டி நிற்கும் இரும்புக் குமிழ்கள், ஒரு மூலையில் என் சேஃப்டி ஷூவின் நுனி. ஒருநாள் மனைவி படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள் இதில் நின்று, “இது என்ன?” என்றாள். “தளம்” என்றேன். “தளம்னா தெரியுது. இதை ஏன் வச்சிருக்க?” என்றாள். அப்போது சொல்லவில்லை.

நான் இன்று மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அதற்கு முன் இரண்டரை ஆண்டு, சென்னையில் ஒரு சிறிய ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சியில் வேலை பார்த்தேன். சாரையும் சேர்த்து ஒன்பது பேர். கட்டடத்துக்கு எலும்புக்கூடு கணக்குப் போடுவது எங்கள் வேலை. பெரும்பாலும் ஆர்.சி.சி.தான் வரும், நம்மூரில் கட்டடம் என்றாலே கான்கிரீட்தானே. எப்போதாவது ஒரு ஸ்டீல் கட்டடம் வந்தால் ஆபீஸே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். பழைய மாமல்லபுரம் சாலையில் ஐந்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று அப்படி வந்தது. முதலாளிக்கு அவசரம், தூண்கள் குறைவாக வேண்டும், சீக்கிரம் முடிய வேண்டும். அதனால் இரும்புத் தூண், இரும்பு பீம், மேலே டெக் ஷீட், அதன் மேல் கான்கிரீட்.

இந்த வகைத் தளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் வீட்டு மாடிக்கு சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். இங்கே சென்ட்ரிங் கிடையாது. இரும்பு பீம்களின் மேல் நெளிந்த தகரத்தை விரிப்பார்கள், அதுவே பலகை. கான்கிரீட் காய்ந்ததும் தகரத்தை எடுப்பதில்லை, அங்கேயே கிடக்கும். இதுவரை விசேஷம் ஒன்றும் இல்லை. கான்கிரீட் சும்மா பீமின் மேல் உட்கார்ந்திருந்தால் அது பீமுக்கு வெறும் சுமை. கேள்வி, அந்தக் கான்கிரீட்டையும் பீமோடு சேர்த்து வேலை வாங்க முடியுமா என்பது.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து பைண்டிங் இல்லாத பக்கத்தை வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி, ஓரம் சாய்ந்த படிக்கட்டு மாதிரி ஆகும். அந்த வழுக்கலால்தான் நோட்டு சுலபமாக வளைகிறது. ஒரே தடிமனுள்ள இரண்டு பலகையை ஒன்றன் மேல் ஒன்று சும்மா வைத்தால் விறைப்பு ஒரு பலகையைப் போல இரண்டு மடங்கு. அதே இரண்டையும் வழுக்காமல் ஒட்டிவிட்டால் எட்டு மடங்கு. மரம் அதே மரம்தான். வழுக்கலைத் தடுத்ததற்கே இவ்வளவு.

இரும்பு பீமுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் அந்த ஒட்டு வேலையைச் செய்வதுதான் படத்தில் இருக்கும் குமிழ். ஷியர் ஸ்டட் என்பார்கள். கட்டைவிரல் தடிமன், 19 மில்லிமீட்டர்; உயரம் 100 மில்லிமீட்டர்; மேலே ஒரு தலை. பீமின் மேல் தகடோடு, தகரத்தையும் துளைத்துக்கொண்டு, வெல்டு ஆகி நிற்கும். பீம் வளையும்போது மேல்பக்கம் நசுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். நசுங்குவதில் கான்கிரீட் கெட்டி, இழுபடுவதில் இரும்பு கெட்டி. இரண்டும் கையைப் பிடித்துக்கொண்டால் மேலே கான்கிரீட் நசுங்கலைப் பார்த்துக்கொள்ளும், கீழே இரும்பு இழுப்பைப் பார்த்துக்கொள்ளும். ஜாதகம் பார்த்து வைத்த மாதிரிப் பொருத்தம். ஆனால் தாலி அந்த ஸ்டட்தான். அது இல்லையென்றால் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும் அந்நியர்கள்.

ஸ்டட் முதலில் கட்டடத்துக்காக வந்தது அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்கக் கப்பல் கட்டுந்தளத்தில், இரும்புத் தளத்தின் மேல் மரப் பலகைகளைப் பொருத்துவதற்காக டெட் நெல்சன் என்பவர் உருவாக்கிய வெல்டிங் துப்பாக்கியிலிருந்து வந்தது. துப்பாக்கியின் முனையில் ஸ்டட், அதைச் சுற்றி ஒரு பீங்கான் வளையம். விசையை அழுத்தினால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பொறி கிளம்பும், இரும்பு உருகும், ஸ்டட் உள்ளே அமுங்கி நின்றுவிடும். பீங்கானைத் தட்டி உடைத்தால் அடியில் சுற்றிலும் ஒரு வெள்ளி வளையம் தெரிய வேண்டும். போர் முடிந்த பிறகு பாலத்துக்கும் கட்டடத்துக்கும் இதைப் பயன்படுத்தலாமா என்று சோதித்தார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகளை வீஸ்ட் என்பவர் 1956இல் வெளியிட்டார். 1971இல் லீஹை பல்கலைக்கழகத்திலிருந்து ஓல்கார்ட், ஸ்லட்டர், ஃபிஷர் மூவரும் 48 மாதிரிகளைத் தள்ளிப் பார்த்து ஒரு சூத்திரம் தந்தார்கள். சோதனை எளிமையானது. ஒரு இரும்புத் துண்டுக்கு இரண்டு பக்கமும் ஸ்டட் வைத்துக் கான்கிரீட் வார்த்து, இரும்பை மட்டும் மேலிருந்து அமுக்குவார்கள். எவ்வளவு சுமையில் ஸ்டட் விட்டுக்கொடுக்கிறது என்பதுதான் விடை. உலகத்தில் நடக்கும் பெரும்பாலான ஸ்டட் கணக்கு இன்றும் அந்தச் சூத்திரத்தின் வாரிசுதான்.

நம்முடைய ஐ.எஸ். 11384, 1985இல் வந்தது, கூட்டுத் தளத்துக்கானதுதான். ஆனால் அதில் நெளிந்த தகரம் பற்றிப் பேச்சே கிடையாது. திருத்தப்பட்ட பதிப்பு 2022இல்தான் வந்தது. 2013இல் நாங்கள் ஐரோப்பிய விதியையும் அமெரிக்க விதியையும் மேஜையில் விரித்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்தோம்.

அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடித் தளத்தில் ஒரு பீம். நீளம் 9 மீட்டர், பக்கத்துப் பீமுக்கு 3 மீட்டர் இடைவெளி, ஐ.எஸ்.எம்.பி. 400. தகரத்தின் பள்ளங்கள் 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக பீமுக்குக் குறுக்கே ஓடும். ஒரு பள்ளத்துக்கு ஒரு ஸ்டட், ஆக 30. வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. அதை வரைந்ததே நான்.

கான்கிரீட் போடும் முன் ஸ்டட்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட சார் என்னை அனுப்பினார். வெள்ளிக்கிழமை. காலையிலேயே தகரம் கொதித்தது. வெல்டர்கள் ஜார்க்கண்ட்காரர்கள், ஐந்து பேர். அவர்களின் மேஸ்திரி நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு சுத்தியலோடு எனக்கு முன்னால் நடந்துகொண்டே ஸ்டட்களை லேசாகத் தட்டுவார். நல்ல வெல்டு மணி மாதிரி ஒலிக்கும், கெட்டது தட்டையாக ஒரு சத்தம் போடும். முதல் நாள் இரவு தூறல் போட்டிருந்தது. தகரத்துக்கடியில் ஈரம் இருந்தால் வெல்டு பிடிக்காது. அதனால் எனக்கிருந்த பயமெல்லாம் வெல்டின் தரத்தைப் பற்றித்தான். சந்தேகமாக ஒலித்த நாலைந்தை 15 டிகிரி வளைத்துப் பார்க்கச் சொன்னேன். விதி அப்படி: வளைத்தும் விரிசல் விடாவிட்டால் ஸ்டட் நல்லது, வளைந்தபடியே விட்டுவிடலாம். ஒன்று மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்தது. பக்கத்திலேயே புதிதாக ஒன்று வைத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, ஒன்றைப் பிடித்துவிட்டேன் என்று.

பதினோரு மணிக்கு சைட் இன்ஜினியர் வந்தார். “சார், பம்ப் வந்துருச்சு. மூணு வண்டி வெளிய நிக்குது. வெயில்ல செட் ஆயிடும் சார்.” நான் செக்லிஸ்டில் அந்த பேக்கு எதிரே டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். போகும் முன் ஆபீஸ் பதிவுக்காக நாலு படம் எடுத்தேன்.

இரவு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அந்தப் படங்களை ரிப்போர்ட்டில் ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. மூன்றாவது படத்தில், நான் சொன்ன அந்த 9 மீட்டர் பீம் கிட்டத்தட்ட முழுதாகத் தெரிகிறது. ஸ்டட் இருக்கிறது, அடுத்த பள்ளம் காலி. ஸ்டட், காலி. பக்கத்து பேயில் 6 மீட்டர் பீம்கள். அவற்றுக்கு ஒன்று விட்டு ஒரு பள்ளத்தில் ஸ்டட் போதும் என்று நாங்களே கொடுத்திருந்தோம். வெல்டர்கள் அதே கணக்கில் இந்த பீமையும் முடித்துவிட்டிருக்கிறார்கள். பெரிதாக்கி எண்ணினேன், 15. திரும்ப எண்ணினேன். நான் காலையில் அதன் மேலேயே நடந்திருக்கிறேன். ஒவ்வொரு ஸ்டட்டும் நன்றாக ஒலித்தது. இல்லாத ஸ்டட் எப்படி ஒலிக்கும்?

அந்நேரம் கான்கிரீட் போட்டு எட்டு மணி நேரம் ஆகியிருந்தது.

சாருக்கு போன் செய்திருக்க வேண்டும். நான் லேப்டாப்பைத் திறந்து எக்ஸெலை எடுத்தேன். அந்தக் கணக்கை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையே அந்த எண்களில்தான் இருக்கிறது. ஸ்டட்டே இல்லாத வெறும் பீம் தாங்கும் வளைதிருப்பம் ஏறத்தாழ 264 கிலோநியூட்டன் மீட்டர். கான்கிரீட்டின் முழு பலத்தையும் கறந்துவிட வேண்டுமென்றால் 60க்கு மேல் ஸ்டட் வேண்டும், அப்போது 501. நாங்கள் கொடுத்த 30க்கு 435. இருக்கும் 15க்கு 374.

இதைக் கவனியுங்கள். முதல் 15 ஸ்டட் சேர்ப்பது 110. அடுத்த 15 சேர்ப்பது 61. அதற்கடுத்த 30 சேர்ந்து 66தான். கோடு முதலில் சரசரவென்று ஏறி, பிறகு சாய்ந்து படுத்துவிடுகிறது. முழு ஸ்டட்டில் பாதி இருந்தாலே முழு வலுவில் 87 சதவீதம் வந்துவிடும். அதனால்தான் யாரும் முழுதாகப் போடுவதில்லை. ஸ்டட்டுக்குக் காசு, வெல்டருக்குக் காசு. இந்த வளைகோட்டைப் போலப் பெருந்தன்மையான ஒன்றைப் பொறியியலில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மென்பொருளில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் மொத்தமும் நிற்கும்.

ஆனால் தேவைப்பட்டது 401. கையிருப்பு 374. போதவில்லை. 7 சதவீதம்.

இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. ஐரோப்பிய விதிப்படி, பகுதி இணைப்பு என்றாலும் முழு இணைப்பில் குறைந்தது 40 சதவீதமாவது ஸ்டட் இருக்க வேண்டும். எங்களுடையது கிட்டத்தட்ட 25. இந்தக் குறைந்தபட்ச விதி சும்மா வைத்ததல்ல. பீமில் வழுக்கல் இரண்டு முனைகளில்தான் அதிகம், நடுவில் இல்லவே இல்லை. அதனால் முனையில் இருக்கும் ஸ்டட்கள்தான் முதலில் சுமையை வாங்கும். அவை ஒடியாமல் வளைந்து கொடுத்து, உள்ளே இருப்பவை வந்து தோள் கொடுக்கும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். விதி அவற்றிடம் எதிர்பார்ப்பது 6 மில்லிமீட்டர் வழுக்கலைத் தாங்கும் பொறுமை. ஸ்டட் மிகக் குறைந்துவிட்டால் அந்த 6 போதாமல் போகலாம். முனையிலிருந்து ஒவ்வொன்றாக, இறுகிய சட்டைப் பொத்தான் மாதிரி தெறிக்கலாம். ஆக என் 374 என்ற எண்ணையே நம்பக்கூடாது.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நான் சுமைப் பட்டியலுக்குப் போனேன். மாடியின் சொந்த எடை: தொட முடியாது. தரை பூச்சு: தொட முடியாது. தடுப்புச் சுவர்களுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 1 கிலோநியூட்டன். இது திறந்த அலுவலகம்தானே, சுவர் எங்கே வரப்போகிறது? அந்த வரியைப் பூஜ்யமாக்கினேன். தேவை 401லிருந்து 355க்கு இறங்கியது. 374 அதைவிடப் பெரிது. கட்டம் பச்சையாக மாறியது. கோப்பைச் சேமித்துவிட்டுப் படுத்துத் தூங்கினேன். தூக்கம் வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது.

திங்கட்கிழமை ரிப்போர்ட்டை அனுப்பினேன். நாலு படத்தில் மூன்று படம்தான் அதில் இருந்தது.

ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. பத்தாம் நாள் ஆர்க்கிடெக்ட்டிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. யு.பி.எஸ். அறையைத் தரைத்தளத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு மாற்ற நினைக்கிறார்கள், இந்த பே தாங்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பே எண்ணைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பேட்டரி அடுக்குகள் என்றால் ஈய எடை. அலுவலகச் சுமையெல்லாம் அதன் முன்னால் தூசு. சார் அந்த மெயிலை எனக்கே தள்ளிவிட்டார். “மதியத்துக்குள்ள பாத்துடுப்பா, தாங்காதுன்னுதான் நினைக்கிறேன், நம்பரோட சொல்லிடலாம்.”

கோப்பைத் திறந்தேன். ஸ்டட் எண்ணிக்கை என்ற கட்டம். 30 என்று அடித்தால் பொய். 15 என்று அடித்தால் சார் கையில் போகும் தாளிலேயே என் வாக்குமூலம். 30 அடித்தேன். அப்படியும் தாங்கவில்லை, எப்படியும் பேட்டரி அங்கே வரப்போவதில்லை. இதோடு விட்டுவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன். இந்தக் கட்டடம் ஐம்பது வருஷம் நிற்கும். நாளைக்கு இன்னொருத்தர் வந்து ஒரு ஃபைல் அலமாரியோ, ஒரு ஜிம்மோ வைக்கக் கேட்பார். எங்கள் கோப்பை எடுத்துப் பார்ப்பவருக்கு 30 என்றுதான் இருக்கும். கான்கிரீட்டைப் பிளந்தா பார்க்கப்போகிறார்? 30ஐ அழித்து 15 என்று அடித்து, தடுப்புச் சுவர் வரியைத் திரும்பப் போட்டு, பிரிண்ட் எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன்.

சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார்.

“இது என்ன பதினஞ்சு?”

சொன்னேன். படத்தையும் காட்டினேன்.

“எப்ப தெரியும்?”

“கான்கிரீட் போட்ட அன்னைக்கு ராத்திரியே சார்.”

“அப்பவே கணக்கு போட்டுப் பாத்திருப்பியே.”

“பாத்தேன் சார். பத்தலை. அப்புறம்...”

“அப்புறம் எந்த லோடை எடுத்த?”

நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“பார்ட்டிஷன் சார்.”

“ம். நானா இருந்தா லைவ் லோடுல கை வச்சிருப்பேன். அதான் முதல்ல கை போற இடம்.” சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. “உன் கணக்கு சரிதான். அந்த மாடி விழாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா நீ கணக்கு போட்டது மாடிக்காக இல்ல, எங்கிட்ட சொல்லாம இருக்கறதுக்காக.”

திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அவர் எழுந்துபோய் அலமாரியில் ஒரு பழைய ஃபைலை எடுத்து வந்தார். 1990களில் அவர் வளைகுடாவில் வேலை பார்த்தவர். அங்கே இந்த வகைத் தளம் நிறைய. அப்போது அவர்கள் பயன்படுத்தியது 1977இல் லீஹையில் கிராண்ட், ஃபிஷர், ஸ்லட்டர் வெளியிட்ட சூத்திரம். நெளிந்த தகரத்தில் நிற்கும் ஸ்டட்டுக்கானது. பிரச்சினை தகரத்தில் இருந்தது. தகரத்துக்கு விறைப்பு வர வேண்டுமென்று பள்ளத்தின் நட்டநடுவில் ஒரு சிறிய மேடு கொடுத்திருப்பார்கள். அதனால் ஸ்டட் நடுவில் நிற்க முடியாது, ஒரு ஓரமாகத்தான் நிற்கும். பீமின் முனைப் பக்கமாகத் தள்ளி நின்றால் அது சாய்ந்துகொள்ள முன்னால் நிறையக் கான்கிரீட் இருக்கும். நடுப் பக்கமாகத் தள்ளி நின்றால் கொஞ்சம்தான் இருக்கும், தகரம் பிதுங்கிவிடும். முன்னதைப் பலமான நிலை என்றும் பின்னதைப் பலவீனமான நிலை என்றும் சொல்வார்கள். பிந்தைய சோதனைகளில், குறிப்பாக வர்ஜீனியா டெக்கில் செய்தவற்றில், பழைய சூத்திரம் ஸ்டட்டுக்குத் தாராளமாக மார்க் போட்டிருந்தது தெளிவானது. 2005இல் வந்த அமெரிக்க விதியில் வெட்டினார்கள். பழைய கணக்கில் பல சமயம் முழு வலு பெற்ற அதே ஸ்டட்டுக்கு, பலமான நிலையில் 0.75 பங்கு, பலவீனமான நிலையில் 0.6 பங்கு.

கிட்டத்தட்ட முப்பது வருஷம் கட்டிய மாடிகள் எல்லாம் அந்தப் பழைய மார்க்கில் பாஸானவை. அவை நின்றன. நான் முன்னால் சொன்ன அந்தச் சாய்ந்த வளைகோடு காப்பாற்றியது; ஸ்டட்டின் வலு கால் பங்கு குறைந்தால் மாடியின் வலு கால் பங்கு குறைவதில்லை. அலுவலகத்தில் கணக்குப் போட்ட சுமை முழுதும் ஒருநாளும் வருவதில்லை என்பதும் காப்பாற்றியது. ஒரு மாடியும் விழாத நிலையில், நாங்கள் அதிகமாகச் சொல்லிவிட்டோம் என்று விதிப்புத்தகத்தில் அச்சடித்துப் போட்டார்கள். இது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். யாரும் கேட்காதபோது எழுதியது.

சார் காட்டிய ஃபைலில் அவர் கைப்பட எழுதிய கணக்குகள் இருந்தன. 2005 விதி வந்ததும், தான் முன்பு போட்ட ஒவ்வொரு தளத்தையும் புதிய எண்ணில் மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில், வீட்டில். “யாரும் கேக்கல. அந்தக் கம்பெனியே இப்ப இல்ல. ரெண்டு பீம் இடிச்சுது. எழுதி அனுப்பிச்சேன்.”

“பதில் வந்துதா சார்?”

“வரல.”

அன்றைக்கே அவர் கட்டட முதலாளிக்குக் கடிதம் எழுதினார். அதில் என் பெயர் இல்லை. எங்கள் ஆய்வில் விடுபட்டது என்று இருந்தது. ஒப்பந்தக்காரர் குதித்தார், சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது கன்சல்டன்ட்தானே என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. வரைபடத்தைப் பார்க்காமல் வெல்டு வைத்தது அவர்கள். எண்ணாமல் கையெழுத்துப் போட்டது நான். கடைசியில் செலவைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் பாதி, அந்த வேலைக்கு எங்களுக்கு வரவேண்டிய கடைசித் தவணையில் கழிந்தது. ஒன்பது பேர் ஆபீஸில் அது சின்னத் தொகை இல்லை. சார் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

சரிசெய்வது எப்படி என்பதில் இரண்டு யோசனை இருந்தது. பீமின் அடியில் ஒரு இரும்புத் தகட்டை வெல்டு செய்யலாம். சுலபம், மேலே யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் அதனால் ஸ்டட்டின் எண்ணிக்கை கூடாது. அந்த 40 சதவீத விதி அப்படியே உறுத்திக்கொண்டு நிற்கும். சார் இரண்டாவதைத் தேர்ந்தார்: காலியாக இருக்கும் 15 பள்ளத்திலும் கான்கிரீட்டை வெட்டி, ஸ்டட் வைத்து, திரும்ப அடைப்பது. கீழே பீமுக்கு முட்டு கொடுத்தோம். எங்கே வெட்ட வேண்டும் என்று குறிப்பதற்கு அந்தப் புகைப்படம்தான் உதவியது. நான் சாக்பீஸால் சதுரம் போட்டேன், ஓரடிக்கும் குறைவான சதுரங்கள். ஓரத்தை கட்டரால் அறுத்து, உள்ளே பிரேக்கர் போட்டார்கள். கம்பி வலையை வெட்டக்கூடாது என்று ஒவ்வொரு குழிக்கும் நான் குனிந்து நின்றேன். அந்தச் சத்தம் இரண்டு நாள் காதில் இருந்தது.

ஸ்டட் வைக்க அதே ஜார்க்கண்ட் ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரி குழிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த தமிழில், “சார், அன்னிக்கு ஓகே நீங்க சொன்னது” என்றார். குற்றச்சாட்டு மாதிரிகூட இல்லை, நினைவுபடுத்துகிற மாதிரி. “ஆமா, நான்தான்” என்றேன். தலையாட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் பீங்கானை உடைத்து, தட்டி, நான் கேட்கும்வரை நின்றார். பதினைந்தும் மணி மாதிரிதான் ஒலித்தன. நான் ஒவ்வொன்றாகத் தொட்டு, சத்தமாக எண்ணினேன். அவரும் கூடவே இந்தியில் எண்ணினார்.

மறுநாள் மைக்ரோ கான்கிரீட் ஊற்றினோம். காய்ந்ததும் சுற்றியிருந்த தளத்தைவிடக் கொஞ்சம் கருப்பாக, ஒரே வரிசையில் பதினைந்து சதுரங்கள். அடுத்த வாரம் டைல்ஸ் போட வந்தவர், “என்ன சார் இது, பாண்டி ஆட கட்டம் போட்டாப்ல?” என்று கேட்டார். “ரிப்பேர்” என்றேன். யு.பி.எஸ். தரைத்தளத்திலேயே இருந்தது.

அடுத்த வருடம் நான் மென்பொருள் பக்கம் போனேன். காரணம் கேட்டவர்களிடம் சம்பளம் என்றேன், அதுவும் உண்மைதான்.

குழிகளை அடைக்கும் முன் புதிய ஸ்டட்களைப் படம் எடுத்து ஃபைலில் வைக்கச் சொல்லியிருந்தார் சார். ஒவ்வொரு குழியையும் எண் எழுதிய சீட்டோடு எடுத்தேன், பதினைந்து படம். ஆபீஸ் பிரதி ஃபைலில் இருக்கும். என் பிரதி எந்தக் கைபேசியோடு போனது என்று தெரியவில்லை, எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன். பழையது மட்டும்தான் இருக்கிறது.